பட்டறைக் கேள்விகள்: பீதருக்குப் போக நினைப்பவர்களுக்கு

போன இதழில் பித்ரி வேலையைப் பற்றி எழுதியிருந்தேன். துத்தநாகத்தோடு கொஞ்சம் செம்பு கலந்து வார்த்த சாமானில் உளியால் பள்ளம் வெட்டி, அதில் வெள்ளியை அடித்து இறக்கி, கடைசியில் சாமானை மட்டும் கறுப்பாக்கும் வேலை. கர்நாடகத்தின் வடகோடியில் இருக்கும் பீதர் அதற்குப் பேர்போன ஊர். கோவையில் அப்பாவின் நகைப் பட்டறையில் வளர்ந்த நான், அங்கே ஓர் உஸ்தாதிடம், அதாவது தொழில் சொல்லித்தரும் குருவிடம், போய் உட்கார்ந்து கற்றுக்கொண்ட கதையையும் சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊரை மட்டும் போடுகிறேன்.

2023இல் பீதரைச் சேர்ந்த ஷா ரஷீத் அகமது காதிரிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோதே எனக்கு இந்த ஆசை வந்துவிட்டது. இப்போது உங்கள் கட்டுரை. நல்ல உஸ்தாதை எப்படித் தேடுவது? பெண் என்றால் சேர்த்துக்கொள்வார்களா? எனக்கு இந்தி அரைகுறைதான். எத்தனை நாளில் கற்கலாம்?
– ஓவியக் கல்லூரி மாணவி, கும்பகோணம்

அம்மணி, முதல் மூன்று கேள்விக்கும் பதில் சுலபம். நாலாவதை விட்டுவிட்டு வாருங்கள்.

காதிரி அவர்கள் இந்த வேலையைத் தன் அப்பாவிடம் கற்றவர். பீதரில் பெரும்பாலும் அப்படித்தான், வீட்டுக்குள்ளேயே கை மாறும் வேலை. வெளியாள் போய்க் கதவைத் தட்டினால் முதலில் வியாபாரி என்று நினைப்பார்கள், அடுத்து புகைப்படம் எடுக்க வந்தவர் என்று நினைப்பார்கள். கற்க வந்தவர் என்று நம்புவதற்குக் கொஞ்ச நாள் ஆகும். ஹைதராபாத்திலிருந்து பஸ் பிடித்தால் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். பழைய ஊருக்குள் சௌபாரா என்று உருளை வடிவில் ஒரு காவல் கோபுரம் நிற்கும். அதைச் சுற்றியுள்ள தெருக்களில் பித்ரிக் கடைகள் உண்டு. கடைக்காரரிடம் 'யார் சொல்லித்தருவார்' என்று கேட்டால் தன் ஆளைத்தான் காட்டுவார். அதைவிட, உளிச் சத்தம் கேட்கிற வாசலில் நின்று சலாம் சொல்லுங்கள். சின்னதாக ஒரு சாமான் வாங்குங்கள். மறுநாளும் போங்கள். நீங்கள் வரைந்த நோட்டுப் புத்தகம் கையில் இருக்கட்டும். பித்ரியில் அச்சுத்தாள் வைத்துப் படம் ஏற்றுவதைவிட, நேராகச் சாமான்மேல் ஊசியால் கையோட்டமாகக் கீறுவதற்குத்தான் மதிப்பு. என் உஸ்தாத் என்னிடம் ஊர், பேர் கேட்பதற்கு முன்பே ஒரு காகிதத்தைத் தள்ளி, "ஒரு கொடி போடு" என்றார். நம் கோலம் போட்ட கைக்கு அது வந்துவிடும்.

மொழி ஒரு தடையே இல்லை. பீதர் 1956 வரை ஹைதராபாத் மாநிலத்தில் இருந்த ஊர், அதனால் தக்கினி உருதுவும் கன்னடமும் கலந்து ஓடும். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்து வீடுகளில் உருது பேசி வளர்ந்தவர்கள் போனால் ஒரே நாளில் ஒட்டிக்கொள்வார்கள். நான் 'ஹாங்', 'நை' இரண்டை வைத்தே ஓட்டினேன். பட்டறையில் பேசுவதைவிடக் கையைப் பிடித்துத் திருத்துவதுதான் அதிகம்.

பெண் என்று யாரும் என்னை வெளியே நிறுத்தவில்லை. வீட்டோடு சேர்ந்த பட்டறை என்றால் பெண்களும் வேலையில் இருப்பார்கள். என் உஸ்தாதின் மருமகள் வெள்ளி பதிப்பதில் அவரைவிட வேகம். அவர் மட்டும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

இப்போது யாரும் கேட்காத ஒரு விஷயம், காசு. கடிதம் எழுதிய ஒருவருமே இதைத் தொடவில்லை என்பது எனக்கு வருத்தம்தான். குரு, சிஷ்யர், தட்சிணை என்று கண்கள் பனிக்கப் பேசுவோம். ஆனால் பித்ரிக்காரருக்கு உருப்படிக் கணக்கில்தான் கூலி. உங்களுக்குச் சொல்லித்தர உட்காரும் ஒவ்வொரு மணி நேரமும் அவர் கையில் ஒரு சாமான் குறைகிறது. அவராக வாய் திறந்து கேட்க மாட்டார். முதல் வாரத்திலேயே நீங்கள் பேச்சை எடுங்கள். ஒரு நாள் கூலி என்ன, அதில் எனக்காகப் போகும் நேரம் எவ்வளவு என்று கேட்டு, அதற்குமேல் கொஞ்சம் வைத்துக் கொடுங்கள். பழகுவதற்கு எடுக்கும் வார்ப்புத் தகட்டுக்கும் வெள்ளிக்கும் தனியாகக் கொடுங்கள். இதைச் செய்தால் அவர் மரியாதைக் குறைவாக நினைப்பார் என்று பயப்படாதீர்கள். எங்கள் அப்பாவின் பட்டறைக்கும் 'சும்மா பார்த்துக் கற்றுக்கொள்கிறேன்' என்று நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். அவர்கள் போனபின் அம்மா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

எத்தனை நாள் என்பதற்கு என்னால் முடிந்த பதில், வேலையின் வரிசையைச் சொல்வதுதான். செம்மண்ணில் விளக்கெண்ணெயும் பிசினும் பிசைந்து அச்சுக் கட்டி வார்த்த சாமான், பார்க்க ஈயப் பாத்திரம் மாதிரி சொரசொரவென்று வரும். அதை அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்க வேண்டும். உங்களுக்கு முதலில் கிடைப்பது இந்த வேலைதான். அதன்பின் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கரைத்த தண்ணீரைத் துணியால் தடவினால் மேலே தற்காலிகமாக ஒரு கறுப்பு ஏறும். அந்தக் கறுப்பில் ஊசியால் கீறினால் கோடு பளிச்சென்று தெரியும். கோடு வந்ததும் உளி.

உளியில்தான் எல்லாமே இருக்கிறது. வெள்ளிக் கம்பி பதிப்பதைப் பார்த்துவிட்டு எல்லோரும் அதுதான் கலை என்று நினைக்கிறார்கள். பள்ளம் சரியாக இருந்தால் வெள்ளி தானாகப் போய் உட்காரும், பள்ளம் தப்பினால் எத்தனை அடித்தாலும் ஒரு வருஷத்தில் எழும்பி வந்துவிடும். அடி கொஞ்சம் அகன்றும் வாய் கொஞ்சம் குறுகியும் வெட்ட வேண்டும். அடிக்கும்போது மெத்தென்ற வெள்ளி அடியில் பரவிப் பூட்டிக்கொள்ளும். பசையும் கிடையாது, பற்றவைப்பும் கிடையாது. சுத்த வெள்ளி வேண்டும் என்பதும் இதனால்தான். செம்பு கலந்த நகை வெள்ளி அந்த அளவுக்கு இளகிக்கொடுக்காது. பொன்னில் உளி ஓட்டினால் சுருள் வரும். பித்ரி வார்ப்பு நொறுங்கும் குணமுள்ளது, தூள்தான் வரும். அழுத்தம் ஒரு இழை கூடினால் ஓரம் உதிர்ந்துவிடும். பட்டறையில் பிறந்தவள் என்ற என் மிதப்பு அங்கே செல்லுபடியாகவில்லை. கொடி வளையும் இடத்தில் உளியைத் திருப்பக் கூடாது, வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவியில்) இருக்கும் சாமானைத்தான் திருப்ப வேண்டும் என்பது கைக்கு ஏறும்வரை உஸ்தாத் வெள்ளிப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

ஆகவே, விடுமுறையில் போய் ஒரு ஜோடி காதணி செய்துவிட்டு வர ஆசை என்றால் அதுவும் நடக்கும். உளி வேலையை அவர்கள் செய்து கொடுப்பார்கள், நீங்கள் வெள்ளியை அடிப்பீர்கள், நல்ல நினைவாக இருக்கும். கற்பது என்றால் படிப்பு முடிந்தபின் போங்கள்.

கலவை கறுக்கிறது, வெள்ளி கறுப்பதில்லை. பீதர் கோட்டை மண்ணால்தான் இது நடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நான் முப்பது வருடம் வேதியியல் நடத்தியவன். மண்ணில் என்ன மாயம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தூத்துக்குடி

ஐயா, மாயம் என்று நான் எழுதவில்லை. ஆனால் அப்படிப் படும்படி எழுதிவிட்டிருந்தால் இப்போது சரியாகச் சொல்லிவிடுகிறேன்.

கலவையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு, பதினாறு பங்கு துத்தநாகத்துக்கு ஒரு பங்கு செம்பு. பட்டறைக்குப் பட்டறை கொஞ்சம் மாறும். அந்த ஒரு பங்கு செம்பு இல்லாவிட்டால் கறுப்பே கிடையாது. வெறும் துத்தநாகத்தை என்ன செய்தாலும் சாம்பல் நிறத்தோடு நின்றுவிடும். மண்ணோடு நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு) சேர்த்துத் தண்ணீரில் சுடவைப்பார்கள். நவச்சாரம் நம் பத்தர்களுக்கும் தெரிந்த சரக்குதான். அந்தக் கரைசல் சாமானின் மேல்தோலில் இருக்கும் துத்தநாகத்தை அரித்தெடுக்கிறது. பின்தங்கும் செம்பு மிக நுண்ணிய படலமாக நின்று கறுக்கிறது. வெள்ளியை இந்தக் கரைசல் தொடாது. உங்களுக்கு இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

மண்ணின் பங்கு அதிலுள்ள வெடியுப்பு, அதாவது நைட்ரேட். கோட்டையில் எல்லா இடத்து மண்ணையும் எடுக்க மாட்டார்கள். நூற்றாண்டுக் கணக்கில் வெயிலும் மழையும் படாமல் கூரைக்கடியில் கிடந்த மண்தான் வேண்டும். காரணம் எளிது. வெடியுப்பு தண்ணீரில் கரையும், திறந்த வெளியில் இருந்தால் நாலு மழையில் அடித்துப் போய்விடும். நல்ல மண்ணா என்று பார்க்க நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார்கள். நானும் வைத்தேன். உப்புக் கரித்து, பின்னால் ஒரு சில்லிப்பு வந்தது. நீங்கள் வைக்க வேண்டாம்.

கறுப்பேற்றும் அந்தச் சில நிமிடம்தான் எனக்குப் பிடித்தது. மயில்துத்தக் கறுப்பு முழுக்கப் போகும்வரை தேய்த்து மெருகேற்றினால் சாமானும் வெள்ளிபோலவே மின்னும், பல நாள் செய்த வேலை முழுவதும் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். வெள்ளை மேல் வெள்ளை. மண் குழம்பைத் தடவித் தேய்க்கத் தேய்க்கச் சாமான் இருண்டு, கொடியும் பூவும் வெளியே வரும். கழுவித் துடைத்துக் கொஞ்சம் எண்ணெய் பூசியதும் கறுப்பு இன்னும் ஆழமாகும்.

திருப்பூரில் எனக்கு இடம் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். கோட்டை மண்ணை மூட்டையாக வாங்கி வந்து இங்கேயே பித்ரி செய்யலாமா?
– தொழில் செய்பவர், திருப்பூர்

உலோகத்தில் வெள்ளி பதிக்கும் வேலையை எங்கே வேண்டுமானாலும் செய்யலாம். பீதர் மண் இல்லாமல் நடக்கவே நடக்காது என்று சொல்பவர்களை நான் முழுக்க நம்புவதில்லை. ஒரு காலத்தில் லக்னோவிலும் முர்ஷிதாபாத்திலும் பீகாரின் பூர்ணியாவிலும் பித்ரிச் சாமான் செய்திருக்கிறார்கள். பீகார் வெடியுப்புக்கே பேர்போன சீமை. அவர்கள் யாரும் பீதரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போயிருக்க மாட்டார்கள்.

ஆனால் 'பித்ரி' என்று பெயர் போட்டு விற்கக் கூடாது. அது புவிசார் குறியீடு பெற்ற பெயர். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பீதரில் செய்ய ஆள் இருக்கிறது, விற்கத்தான் ஆள் இல்லை. உங்களிடம் ஏற்றுமதி அனுபவம் இருக்கிறது. மண்ணை இங்கே கொண்டுவருவதைவிட, இங்கேயிருந்து ஆர்டரை அங்கே கொண்டுபோங்கள். அட்வான்ஸோடு.

எங்கள் தஞ்சாவூர்த் தட்டும் இதுவும் ஒன்றுதானே? வடக்கே இருந்தால்தான் பெருமையா?
– வாசகர், தஞ்சாவூர்

கோபம் புரிகிறது. நானும் தமிழ்நாட்டுப் பட்டறைக்காரிதான். இரண்டும் வேறு வேலை. சரபோஜி மன்னர் காலத்தில் தொடங்கியதாகச் சொல்லும் உங்கள் ஊர்த் தட்டில், வெள்ளித் தகட்டை அச்சில் வைத்து உருவம் புடைத்து எழுப்பி, பின்பக்கக் குழியில் மெழுகு நிரப்பி, பித்தளைத் தட்டில் வெட்டிய பள்ளத்தில் ஓரத்தைச் செருகி அடிக்கிறார்கள். தெய்வம் தட்டைவிட்டு வெளியே எழுந்து நிற்க வேண்டும். பித்ரியில் கண்ணை மூடிக்கொண்டு தடவினால் வெள்ளி எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியக் கூடாது. கம்பி பதித்தால் அது தார்கஷி, தகடு பதித்தால் தஹ்நிஷான். ஜர்புலந்த் என்று புடைப்பு வேலை ஒன்றும் உண்டு, அதை மட்டும் உங்கள் தட்டுக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம்.

ஒன்று மட்டும் பொதுவாக இருக்கிறது. பிள்ளைகள் இந்த வேலைக்கு வர மாட்டேன் என்கிறார்கள். அடுத்த முறை தஞ்சாவூர்த் தட்டுக்கு என்றே இரண்டு பக்கம் ஒதுக்குகிறேன், கேள்வி அனுப்புங்கள்.

மாமியார் கல்யாணத்துக்கு வந்த பித்ரிப் பூஜாடி. வெள்ளி மங்கிவிட்டது. புளி போட்டுத் தேய்க்கலாமா?
– இல்லத்தரசி, மதுரை

வேண்டவே வேண்டாம். புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாமே புளிப்பு. அவை துத்தநாகத்தை அரிக்கும், கறுப்பு திட்டுத் திட்டாகப் போய்விடும். பித்தளை தேய்க்கும் பொடியும் கூடாது. மெல்லிய பருத்தித் துணியால் வெள்ளி இருக்கும் இடத்தைப் பொறுமையாகத் துடையுங்கள், பிறகு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுச் சாமான் முழுக்கத் தடவி, வேறு துணியால் எண்ணெயை எடுத்துவிடுங்கள். கீழே மட்டும் போட்டுவிடாதீர்கள். பித்தளையாக இருந்தால் நசுங்கும், இது விரிசல் விடும். கறுப்பு ஏற்கெனவே போய்விட்டிருந்தால் வீட்டில் எதையும் முயற்சி செய்யாமல் பீதருக்கு அனுப்புங்கள். திரும்ப ஏற்றித் தருவார்கள்.

பித்ரி டம்ளரில் காபி குடிக்கலாமா?
– வாசகர், சேலம்

கூடாது. துத்தநாகம், சில சாமான்களில் ஈயமும் இருக்கலாம். பேனா வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் பத்தாவதோடு நிறுத்திவிட்டான், கை வேலை நன்றாக வரும். எங்களுக்கும் பரம்பரை நகைத் தொழில்தான். அவனைப் பித்ரி கற்க அனுப்பினால் பிழைத்துக்கொள்வானா?
– பத்தர், நாகர்கோவில்

அண்ணா, உங்களிடம் சுற்றி வளைத்துப் பேச முடியாது. பித்ரியை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள்.

நான் பார்த்த வீடுகளில் கணக்கு இப்படி. வார்ப்பவர் ஒருவர், வரைந்து வெட்டுபவர் ஒருவர், பதிப்பவர் ஒருவர், மெருகு போடுபவர் ஒருவர். ஒரு சாமானின் விலை இத்தனை கைக்குப் பிரிகிறது. வெள்ளி வாங்க முதல் இல்லாதவர் வியாபாரியிடம் வெள்ளியை வாங்கி வேலை செய்து கூலி மட்டும் வாங்குகிறார். 2025இல் வெள்ளி கிலோ ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது உங்களுக்குத் தெரியாததா? வெள்ளி ஏறினால் கூலியும் ஏறுவதில்லை. சாமானில் போடும் வெள்ளியைத்தான் குறைக்கிறார்கள். முன்பு உடம்பு முழுக்கக் கொடி ஓடிய ஜாடியில் இப்போது கழுத்தைச் சுற்றி ஒரு வரிசைப் பூ. ஹூக்காவும் வெற்றிலைப் பெட்டியும் போன இடத்தில் பென் டிரைவ் உறையும் சுவிட்ச் பலகையும் வந்திருக்கின்றன. சிலர் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். எனக்குச் சுளிப்பு இல்லை. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்த சாமான் ஹூக்கா, இன்றைக்கு சுவிட்ச் பலகை. வெட்டு சுத்தமாக இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

பையனுக்கு உளி வேலையை வீட்டில் நீங்களே பழக்குங்கள். கம்பி இழுக்கத் தெரியும், தகடு அடிக்கத் தெரியும், அதனால் பாதி தூரம் ஏற்கெனவே வந்துவிட்டான். பிறகு ஒரு மழைக்காலமோ பனிக்காலமோ பீதரில் இருக்கட்டும். கோடையில் வேண்டாம், அந்த வெயிலில் உலைப்பக்கம் உட்காரப் பழகியவர்களே திணறுவார்கள். திரும்பி வந்து நகையில் அந்தக் கை நுணுக்கத்தைக் காட்டினால் பெயர் கிடைக்கும், சோறும் கிடைக்கும். வார்ப்பை மட்டும் அவன் வீட்டில் செய்து பார்க்க விடாதீர்கள். துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால் சுலபம் என்று தோன்றும். சூடு மிஞ்சினால் வெள்ளைப் புகை கிளம்பும். அதை இழுத்தால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும். காற்றோட்டமான இடத்தில், பழகியவர் பக்கத்தில் இருந்தால்தான் அது.

கற்க எனக்கு வயதில்லை (66), பார்க்க மட்டும் ஆசை. பீதருக்கு இரண்டு நாள் போதுமா? எங்கே என்ன பார்ப்பது?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், காரைக்குடி

தாராளமாகப் போதும். முதல் நாள் கோட்டை. தக்காணத்தை ஆண்ட பாமனி சுல்தான்கள் 15ஆம் நூற்றாண்டில் தலைநகரைக் குல்பர்காவிலிருந்து இங்கே மாற்றினார்கள். அப்படி மாற்றிய சுல்தான் அகமது ஷா காலத்தில் பாரசீகத்திலிருந்து வந்த கைவினைஞர்கள்தான் பித்ரியைக் கொண்டுவந்தார்கள் என்பது ஊர் வழக்கு. கோட்டைக்குள் ரங்கீன் மஹாலை விட்டுவிடாதீர்கள். பூட்டியிருந்தால் உள்ளேயே இருக்கும் அருங்காட்சியகத்தில் கேட்டால் திறந்துவிடுவார்கள். கறுப்புக் கல்லில் முத்துச்சிப்பியைப் பதித்திருக்கிறார்கள். உலோகம் இல்லை, ஆனாலும் பித்ரிக்காரர்களின் கண் எங்கே பழகியது என்று அங்கே நிற்கும்போது ஊகிக்கலாம். ஊருக்குள் பாமனி அமைச்சர் மஹ்மூத் கவான் கட்டிய மதரஸா, 1472இல் முடிந்தது. பாதி இடிந்திருக்கும், மீதிச் சுவரில் வண்ண ஓடுகள் இன்னும் இருக்கின்றன. சாயங்காலம் சௌபாராப் பக்கம் பட்டறைகள். உட்கார இடம் கொடுப்பார்கள், டீயும் வரும். வாங்குவதானால் ஒரே கடையில் முடிக்காமல் நாலு இடம் பாருங்கள். பூதக்கண்ணாடி ஒன்று கொண்டுபோங்கள். இலையின் நுனியில் வெள்ளி கூர்மையாக முடிகிறதா, மொட்டையாக முடிகிறதா என்று பாருங்கள். மொட்டையென்றால் அவசர வேலை.

பழைய உருப்படிகள் பீதரைவிட ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் அதிகம். ஹூக்கா அடிப்பாகமும் சுராஹி என்னும் நீண்ட கழுத்துக் கூஜாவும் வரிசையாக வைத்திருக்கிறார்கள். இரண்டாம் நாள் மதியமே கிளம்பி, மறுநாள் அதைப் பார்த்துவிட்டு ரயில் ஏறுங்கள். வெள்ளிக்கிழமையில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், அன்றைக்கு அங்கே விடுமுறை.